மேலே பார்த்தால் வேண்டாம்

பேய்க்கதை படித்துவிட்டுப் பயந்துபோனேன் என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பயப்படுவதே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான். யாராவது எழுதிய கதை பிடித்திருந்தால் அதன் கீழே ‘உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது’ என்று எழுதுவேன். எழுதும்போது வாயில் பல் துலக்கும் பிரஷ் இருக்கும்.

நான் எழுதுவது ஒரு பக்கத் திகில் கதைகள். கைபேசியில் படிக்கிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது, அதில் போடுவேன். மறுமொழிகள் நிறைய வரும். ‘செத்தேன் தோழி.’ ‘இனிமே தனியா பாத்ரூம் போக மாட்டேன் ஹாஹா.’ ஹாஹா என்று எழுதிய கை நடுங்கிய கை இல்லை, அல்லவா? நிஜமாகப் பயந்தவர் எதுவும் எழுத மாட்டார். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்ப்பார். அப்படி ஒருவரையாவது என் கதை தொட்டிருக்கிறதா என்பது எனக்குத் தெரியவே போவதில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

என் முதல் வாசகி அக்காதான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். கல்யாணமாகி வந்தபோது என்னையும் கூடவே அழைத்து வந்துவிட்டாள். சீதனத்தோடு இலவச இணைப்பு என்று மாமா சொல்வார். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் எதை எழுதினாலும் அவளிடம்தான் முதலில் கொடுப்பேன். துணி மடித்துக்கொண்டே படிப்பாள். பாதியிலேயே சிரிப்பில் தோள் குலுங்க ஆரம்பிக்கும்.

“ஏண்டி, உன் பேயைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு. எந்நேரமும் அந்தக் கிணத்தடியிலயே நிக்குது. அதுக்கு ஒரு வேலை வெட்டி பாத்துக் குடேன்.”

அடுத்த அறையிலிருந்து மாமா குரல் கொடுப்பார். “எங்க குளிர்க் கிடங்குல ஆள் எடுக்குறாங்க. குளிர் தாங்குமான்னு கேட்டுச் சொல்லு, எழுத்தாளரே.”

நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. மாமா புகாரில் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அது இப்போது அவர் இருக்கிற மனநிலையில் சொன்னது.

போன வருடம் ஒரு காலையில் அக்கா குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. பிழைத்துக்கொண்டாள், ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. காது கேட்டது. சொல்வது புரிந்தது. கண் மட்டும் மேலும் கீழும் நகரும். எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற தட்டச்சு வேலை என்பதால் பகலில் நான் பார்த்துக்கொண்டேன். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, குழாய் வழியாக ஊற்றுவது எல்லாம் நான்தான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

மாமாவுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. உறைந்த மீனும் பழமும் வரும் பெட்டிகளை அடுக்குவது. கையுறை போட்டிருந்தாலும் சாயங்காலம் வரும்போது அவர் கை கல் மாதிரி சில்லென்று இருக்கும். வந்ததும் ஒரு தம்ளரில் வெந்நீர் ஊற்றி, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். கை சூடான பிறகுதான் அக்காவிடம் போவார். கட்டிலின் தலைமாடு கதவுப் பக்கம் இருந்தது. உள்ளே வருவது யார் என்று அவளால் பார்க்க முடியாது. அதனால் பின்னாலிருந்தே நெற்றியில் கை வைத்து, “நான்தான்டி” என்பார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் பகல் முழுவதும் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா வருவார். வாயாடி. “உங்க அக்கா கண்ணு ரெண்டும் ஊர்க்கதை பேசுது, நமக்குத்தான் காது செவிடு” என்பார். அவர்தான் ஜாடை கற்றுத் தந்தார். மூடித் திறந்தால் சரி, மேலே பார்த்தால் வேண்டாம். கற்றுத் தந்த அன்றே இன்னொன்றும் சொன்னார்: “வேணாம்னு சொன்னா உடனே நிறுத்திடாதீங்க. எல்லாத்துக்கும் வேணாம்னுதான் சொல்வாங்க. பாவம்னு விட்டீங்க, படுத்தது படுத்ததுதான்.”

இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

முதலில் நான் அவளுக்குப் படித்துக் காட்டியவை எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்புக் கதைகள். எங்கோ பனி விழும், யாரோ ரயிலைத் தவறவிடுவார்கள், ஒரு கிழவர் தன் குதிரையிடம் பேசுவார். நான்தான் அந்த ஊர்களில் உலவிக்கொண்டிருப்பேன். அவள் கூரையைப் பார்ப்பதும் தூங்குவதுமாக இருந்தாள். ஒரு மதியம், புத்தகம் தீர்ந்துவிட்டதால், குழுவில் போடுவதற்கு வைத்திருந்த என் கதையைப் படித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வரும் கதை. பழைய சரக்குதான். கை போர்வையைத் தொடும் வரியில் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் துடித்தது.

பயிற்சிக்கார அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இது சும்மா துடிப்பு இல்ல கண்ணு. நரம்பு முழிக்குது. என்ன பண்ணீங்களோ அதையே பண்ணுங்க.” மாமா அன்று சமையலறையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். மறுநாள் எனக்கு ஒரு சாய்வு நாற்காலியும் மேசை விளக்கும் வாங்கி வந்தார். “நீ படி. எத்தனை வேணும்னாலும் படி. உன் கதைல இவ்வளவு சக்தி இருக்குன்னு தெரியாம நாங்க கிண்டல் பண்ணிட்டோம்.”

“நீங்களும் ஒண்ணு படிச்சுப் பாருங்க மாமா.”

“அய்யோ, ஆளை விடு. எனக்குப் பயம். நான் இதயம் மட்டும் அமுக்கிடுறேன்.”

அப்படியே செய்தார். ஒரு கதை விடாமல், ஒரு வரி படிக்காமல், எல்லாவற்றுக்கும் இதயக்குறி போட்டார்.

ஆனால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் கை யாருக்கானாலும் பழகிவிடும். விரல் மறுபடி அசையாமல் கிடந்தது. விரலில் மாட்டும் நாடிக்கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். கிணறு, சுடுகாடு, பாழடைந்த மாடி எதற்கும் எண் ஏறவில்லை. வீடு என்றால் கொஞ்சம் ஏறியது. நோயாளி படுத்திருக்கும் அறை என்றால் இன்னும் கொஞ்சம். எந்த எழுத்தாளருக்கு இப்படி ஒரு வாசகர் கிடைப்பார், சொல்லுங்கள். பொய் சொல்லத் தெரியாத வாசகர். எந்த வரி வேலை செய்கிறது, எது வெறும் அலங்காரம் என்று அந்தச் சின்னக் கருவி சொல்லிவிடும். என் எழுத்து அந்த மாதங்களில்தான் கூர்மையானது.

அப்படி வந்ததுதான் தலைமாட்டுக் கதைகள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண். அவளுக்குத் தெரியாத பக்கத்தில், தலைமாட்டில், ஒன்று வந்து நிற்கும். பொழுது சாயும்போது வரும். கை பனிக்கட்டி மாதிரி இருக்கும். தொட்டுவிட்டு, அவளுக்கு மிகவும் வேண்டியவரின் குரலில், ‘நான்தான்’ என்று சொல்லும்.

இதைப் படித்த அன்று சாயங்காலம் மாமா வந்தார், வழக்கம்போலத் தம்ளரைத் தேடினார். “சூடு பண்ணாதீங்க மாமா, குளிர்ச்சி பட்டா நரம்புக்கு நல்லதாம்” என்றேன். எங்கோ படித்திருந்த மாதிரிதான் இருந்தது. அவர் அப்படியே போய் நெற்றியில் கை வைத்தார். “நான்தான்டி.”

அக்காவின் தோள் துள்ளியது. விரல் இல்லை, தோள். மாமா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா எழுத்தாளரே, என் கை பட்டதும் துள்ளுறா.”

பிறகு தினமும் அவள் துள்ளினாள். தினமும் அவர் சந்தோஷப்பட்டார். படி ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வருவார். அந்தக் காலடிச் சத்தம் கேட்டாலே கருவியில் எண் ஏறும். கண்ணை மூடிக்கொள்வதை அவள் விட்டுவிட்டாள். படிக்கும்போது கண் மேலேயே இருக்கும், தலைமாட்டைப் பார்ப்பது போல.

ஆமாம், மேலே பார்த்தால் வேண்டாம். மறக்கவில்லை. ஆனால் தலைமாட்டில் ஒன்று நிற்பதாகக் கதை கேட்பவர் வேறு எந்தப் பக்கம் பார்ப்பார்? மாமாவும் ஒருமுறை கேட்டார், “ஏன் மேலயே பாக்குறா, எதாச்சும் வேணாம்னு சொல்றாளா?” என்று. “உங்களைத்தான் பாக்க ஆசைப்படறா மாமா, எட்டலை” என்றேன். அவர் குனிந்து, தலைகீழாக, அவள் முகத்துக்கு மேலே தன் முகத்தைக் கொண்டுபோனார்.

குழுவில் அந்தக் கதைகளுக்கு வந்த வரவேற்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘அந்தப் பெண்ணாகவே நான் மாறிவிட்டேன்.’ ‘எப்படித் தோழி இவ்வளவு தத்ரூபமாக எழுதுகிறீர்கள்.’ ஒரே ஒரு மறுமொழியை மட்டும் நான் அடிக்கடி திறந்து பார்ப்பேன். பேர் போடாத யாரோ: ‘யாராவது அந்தப் படுத்திருக்கிற அக்காகிட்ட இது கதைதான்னு சொல்லுங்களேன்.’ நன்றி என்று பதில் எழுதினேன். அதுதான் என் வாழ்நாளில் கிடைத்த முதல் உண்மையான மறுமொழி.

கடைசிக் கதையைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதில் ஒன்றும் புதிதில்லை. அந்தப் பெண்ணின் கணவன் குளிர்க் கிடங்கில் வேலை பார்க்கிறவன். ஒரு நாள் உள்ளே இருக்கும்போது கதவு மூடிக்கொண்டு விறைத்துச் செத்துப்போகிறான். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மனசு தாங்காது என்று தங்கை மறைத்துவிடுகிறாள். ஆனாலும் சாயங்காலம் ஆனால் அவன் வருகிறான். இன்று அவளைக் கூட்டிப்போக வருகிறான்.

படித்தபோது அவள் கண் ஒரு கணம்கூடக் கீழே வரவில்லை. ஓரங்களில் நீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துண்டால் ஒற்றினேன். நாடிக்கருவி கத்த ஆரம்பித்தது. வாசிப்புக்கு இடைஞ்சலாக இருந்ததால் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். முடிவுப் பத்தி பாக்கி இருந்தது. அதை நிதானமாகப் படித்து முடித்தபோது படியில் மாமாவின் சத்தம் கேட்டது. நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

“நான்தான்டி” என்பது கேட்டது. பிறகு அவர் கூப்பிட்டார். “எழுத்தாளரே, இங்க வா, சீக்கிரம் வா. வாயைத் திறக்குறா. என்னமோ பேசப் போறா.”

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இந்த மாதிரி நோயாளிகளுக்கு நடப்பதுதான் என்றார். கடைசியில் தன்னிடம் பேச முயன்றாள் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது, நானும் கெடுக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு கதையைக் குழுவில் போட்டேன். வழக்கம்போல மாமா படிக்காமலே இதயம் அமுக்கினார். கிடங்கில் கூட வேலை பார்க்கிற ஒருவர், ‘நம்ம பொழப்பப் பத்தி யாரோ எழுதியிருக்காங்க, படிச்சியா’ என்று கைபேசியை நீட்டியிருக்கிறார். அப்போதுதான் மாமா படித்திருக்கிறார். ‘நான்தான்’ என்ற இடத்துக்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை என்று சொன்னீர்கள். இப்போதெல்லாம் அவர் கையைத் துண்டில் சுற்றியே வைத்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கொல்ல வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. அவள் அசைய வேண்டும் என்று நினைத்தேன். அசைந்தாள். ‘இது கதைதான் அக்கா’ என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாக்கியம். தினமும் படித்து முடித்ததும் நாக்கு நுனி வரை வரும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் மறுநாள் கதை நிற்காது. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும்.

மாமா கூப்பிட்டபோது உடனே போனேனா என்று கேட்டீர்கள். போனேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டு, பேசு பேசு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவரைத் தள்ளி நிற்கவும் சொல்லவில்லை. அவள் வாய் திறந்திருந்தது. அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், தோளையும் பார்த்தேன், குலுங்குகிறதா என்று.

அவள் சிரிக்கவில்லை.