வியாழக்கிழமை நாலு மணி வண்டி

மேடை என்று இங்கே தனியாக எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். அதன் பின்னால் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, இந்த முதியோர் இல்லத்து மேனேஜர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கண்டக்டர் அண்ணனின் துணைவியாரே, மகளே, சக்கர நாற்காலியிலும் மடக்கு நாற்காலியிலும் இருக்கிற என் கூட்டாளிகளே, கதவைத் திறந்து வைத்திருப்பதால் கடைசி அறையில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பவர்களே, எல்லோருக்கும் இந்தக் கொத்தனாரின் வணக்கம்.

இந்தக் காகிதத்தில் இருப்பதை நானே எழுதினேன். நாலு நாள் ஆயிற்று. அதற்குள் நான் ஒரு சுவரே எழுப்பியிருப்பேன்! துக்கக் கூட்டத்தில் இப்படிப் பூரிக்கலாமா என்று கேட்காதீர்கள். இந்தப் பூரிப்பைக் கொடுத்தவருக்காகத்தான் கூடியிருக்கிறோம்.

கண்டக்டர் அண்ணன்! என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தும் எல்லோருக்கும் அண்ணன். முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் நின்றபடியே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றால் மனிதன் உட்காருவான். இவர் உட்கார்ந்தாரா? அடுத்த வாரமே தோல்பையோடு இங்கே வந்து நின்றார். ஒன்பது வருடம், வியாழக்கிழமை தவறாமல் ஜெபம் நடத்த வந்தார். மழையிலும் வந்தார். முழங்கால் வீங்கியும் வந்தார். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாளும் வந்தார்! அண்ணி, அன்று நீங்கள் திட்டியதும் எங்களுக்குத் தெரியும். "வீடு நிறைய ஆளு இருக்கு, இவருக்கு மட்டும் வியாழக்கிழமையாம்" என்று நீங்கள் சொன்னதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தோல்பையில் என்ன இருக்கும்? பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவர் கையால் எழுதிய பாட்டுச் சீட்டுகள். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன். நாற்காலி நாற்காலியாக வந்து டிக்கெட் கொடுப்பது போலக் கொடுப்பார்.

"தையல்கார ஐயா, எங்க போகணும்?"

"பரலோகத்துக்கு ஒண்ணு குடு. திரும்பி வர வேணாம்."

"அவசரப்படாதீங்க. உங்களுக்கு முன்னாடி நிறையப் பேரு நிக்கிறாங்க."

பிறகு நடைபாதையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பார்: "யாராவது ஏறணுமா?" கடைசிச் சக்கர நாற்காலி வந்து சேரும்வரை ஜெபத்தைத் தொடங்கமாட்டார். கால் மணி நேரமானாலும் சரி. "ஆண்டவருக்கு என்ன அவசரம்?" என்பார். எல்லோரும் வந்த பிறகுதான், "போலாம், ரைட்!" உடனே பாட்டு. பாட்டு முடிந்தால் வேத வாசிப்பு, ஜெபம். பிறகு எழுந்துவர முடியாதவர்களின் கட்டில் கட்டிலாகப் போவார்.

இதோ இந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார் நம் டீச்சரம்மா. அவருக்குப் பிள்ளைகளின் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் வியாழக்கிழமை மறக்காது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "என் ஸ்டாப் வந்துடுச்சா?" என்று வாராவாரம் கேட்பார். அண்ணன் குனிந்து, "இன்னும் வரலம்மா. வந்தா நான் சொல்றேன். நிம்மதியா உட்காருங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையில் அவர் முகம் எப்படித் தெளியும்! பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எழுபத்தேழு வயதுவரை எனக்கு எழுத்துத் தெரியாது. அது என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் போன பிறகு யாருக்கும் தெரியாது. பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை இடமும் வலமும் ஓட்டிக்கொண்டே பாடுவேன். ஒரு நாள் போன வாரத்துச் சீட்டு என் கையிலேயே தங்கிவிட்டது. தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கொத்தனாரே, பாடுறது ஒண்ணு, பாக்குறது ஒண்ணா?"

பாட்டு நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அண்ணன் நேராக வந்தார். "செக்கிங்!" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தார். "டிக்கெட்டை மாத்திக் குடுத்தது நான். தப்பு கண்டக்டர் மேல. பயணிய யாரும் எறக்கிவிடக் கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு தொடர்ந்தது.

எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தன நாளா ஐயா டிக்கெட் இல்லாம வர்றீங்க?"

"பொறந்ததுலேருந்து."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிறகு சொன்னார்: "உங்க வாய்க்குப் பாட்டு தெரியும். கண்ணுக்குத்தான் தெரியல. நீங்க பாடுங்க, நான் விரலை ஓட்டுறேன்." ஒரு வருடம் அப்படியே ஓடியது. நான் பாடப் பாட, அவர் விரல் எழுத்துக்குக் கீழே நகரும். ஒரு நாள் விரல் நின்ற பிறகும் என் கண் நிற்கவில்லை!

அதிலிருந்து ஒரே ஆசை அவருக்கு. "ஒரு வியாழக்கிழமை வேதத்த நீங்கதான் வாசிக்கணும்." நான் சொன்னது என்ன? "அடுத்த வாரம் அண்ணா." எத்தனை அடுத்த வாரம்! திக்கினால் தையல்காரர் சிரிப்பாரே என்ற பயம்.

போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த வியாழக்கிழமையும் நாலு மணிக்கு நாற்காலிகளெல்லாம் இங்கே வந்துவிட்டன. பழக்கம். சீட்டுகள் அலமாரியில் இருந்தன. வேதப் புத்தகம் அதற்கு மேலேயே இருந்தது. படிக்கத் தெரிந்த நான் அதை எடுக்கவில்லை. டீச்சரம்மா மூன்று தடவை கேட்டார்: "என் ஸ்டாப் வந்துடுச்சா?" நாலரைக்கு யாரோ டிவியைப் போட்டார்கள்.

ஐந்து மணிக்கு மேனேஜர் அம்மா போனை என் காதில் வைத்தார்.

"கொத்தனார் ஐயா, வண்டி போச்சா?"

"போச்சு அண்ணா."

"வாசிச்சது யாரு?"

"நான்தான்."

"முழுசாவா?"

"முழுசா."

"ஸ்தோத்திரம்" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார்.

அண்ணி, அதை அவர் உங்களிடம் சொல்லி மகிழ்ந்திருப்பார். அது பொய். என்னை மன்னித்துவிடுங்கள். அவரிடம் கேட்க முடியாத மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன்.

போதகர் ஐயா, வாராவாரம் வர ஆள் கிடைக்கவில்லை, இனி மாதம் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னீர்கள். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. மாதம் ஒரு முறை நீங்கள் வாருங்கள். மற்ற வாரங்களுக்கு வெளியிலிருந்து ஆள் எதற்கு? வண்டிக்குள்தான் நாங்கள் இருக்கிறோமே! என் கண்ணில் வெளிச்சம் இருக்கும்வரை நான் வாசிப்பேன். கடைசி அறைக்கும் போவேன். என் கால் நடக்காது, ஆனால் என் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது. தையல்காரர் நேற்றே ஒப்புக்கொண்டார். "நீ படி, நான் தள்ளுறேன். கொஞ்சம் வேகமாப் படி, எனக்கும் வயசாகுது" என்றார்.

இன்று வியாழக்கிழமை. கடிகாரத்தில் மணி நாலாகப் போகிறது. அண்ணி கொண்டுவந்த தோல்பை மேசைமேல் இருக்கிறது. சீட்டுகளை எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அன்று நான் சொன்ன பொய்யை இன்று உண்மையாக்கப் போகிறேன். திக்குவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

டீச்சரம்மா, உங்க ஸ்டாப் இன்னும் வரலம்மா. வந்தா நான் சொல்றேன். நிம்மதியா உட்காருங்க.

யாராவது ஏறணுமா? கடைசி ரூம்ல கேக்குதா? யாராவது ஏறணுமா?

மெதுவாத்தான் ஓடும்.

போலாம், ரைட்!