புதன்கிழமை முறை

— கோட்டைக்கூடக் கழட்டாம என்ன கேள்வி இது, வெர்னெல்? உக்காரு தங்கம். முதல்ல ஒரு வாய் காப்பி குடி.

— காப்பி வேண்டாம். நாளைக்கு டீக்கன் புரூக்ஸை அடக்கம் பண்ணிட்டு நூறு பேரு பசியோட இந்தச் சர்ச்சு சமையல்கட்டைப் பார்த்துத்தான் வரப் போறாங்க. அந்தக் கீரைக் கட்டை இப்படித் தள்ளு. நான் நறுக்கறேன், நீ பதில் சொல்லு. புதன்கிழமை யாரோட முறை?

— என்னோடதுதான். அதுக்கென்ன இப்போ?

— அன்னைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மருந்து நிதி திறந்திருக்கு. பதினொன்றரைக்கு மூடிட்டாங்க. உன் புருஷன் ஹார்லன் பேரு உள்ளே போயிடுச்சு. ஓசெல்லா புருஷன் பேரும் போயிடுச்சு. அவளை நேத்து மருந்துக் கடையில பார்த்தேன் டெல்ஃபின். 'நல்லவேளை டெல்ஃபின் கூப்பிட்டா, அடுப்புல சோளக் கஞ்சியை அப்படியே விட்டுட்டு ஓடினேன், பாத்திரம் போச்சு, போனாப் போவுது'ன்னு சிரிக்கறா. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

— ஓசெல்லாவுக்கு என்னைக்கு வாய் ஓய்ஞ்சிருக்கு.

— அவ வாய் இருக்கட்டும். இதய ஆஸ்பத்திரி வராந்தாவுல நாம மூணு பேரும் என்ன பேசி வச்சோம்? நீயே சொல்லு.

— தெரிஞ்சதைத்தானே கேக்கறே.

— உன் வாயால கேக்கணும் எனக்கு.

— சரிம்மா, சொல்றேன். மூணு பேரு புருஷனுக்கும் ஒரே நெஞ்சு நோவு, ஒரே மாத்திரை. அரசாங்க இன்சூரன்ஸ் மெடிகேர் குடுக்கறது போக நம்ம பங்கே ஜனவரியில மூவாயிரம் டாலருக்கு மேல, அப்புறம் மாசா மாசம் ஆயிரம். அந்தப் பங்கைக் கட்டறதுக்குத் தர்ம நிதி ஒண்ணு இருக்கு. அது எப்போ திறக்கும்னு யாருக்கும் சொல்லமாட்டாங்க. திறந்தா ரெண்டு மூணு மணி நேரம், அதுக்குள்ள பணம் தீர்ந்துடும். அதனால தினம் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும். திறந்ததும் மத்த ரெண்டு பேருக்கும் போன் போடணும், அதுக்கப்புறம்தான் தன் புருஷன் பேரை எழுதணும். போதுமா?

— போதும். நல்லா ஞாபகம் வச்சிருக்கே. போன வருஷம் என் முறையில திறந்துச்சு. அன்னைக்குத்தான் பல்லைப் பிடுங்கியிருந்தாங்க, வாய் முழுக்கப் பஞ்சு. அந்த வாயோட உனக்குத்தான் முதல்ல கூப்பிட்டேன். நான் பேசறது புரியாம மூணு தரம் 'யாரு, யாரு'ன்னு கேட்டே.

— மறப்பேனா. ஹார்லன் இன்னைக்கு மீன் பிடிக்கப் போறான்னா அது உன்னாலதான்னு ஊரெல்லாம் சொல்றேனே.

— ஊருக்குச் சொன்னே. என் வீட்டுக்குத்தான் கிடைக்கலை. வரி கட்டின பேப்பர் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு லெமுவேல் எல்லா டிராயரையும் கவுத்துத் தேடினாரு, பேப்பர் கிடைக்கறதுக்குள்ள நிதியை மூடிட்டாங்க. எழுபத்தோரு வயசுல பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துல போய் நின்னேன். பிள்ளைங்க மிச்சம் வச்ச தட்டைக் கழுவி அவரு மாத்திரைக்குக் கட்டினேன். நீ கேக் சுட்டுக் கொண்டு வந்தே.

— மனசு கேக்காமதான் கொண்டு வந்தேன்.

— நல்ல கேக். இந்த வருஷம் முட்டி மடங்கலைன்னு பள்ளிக்கூடத்துல வேண்டாம்னுட்டாங்க. மருந்தைத் தபால்ல அனுப்பறாளே, அந்தப் பொண்ணுகிட்ட முந்தாநாள் முக்கால் மணி நேரம் போன்ல மல்லுக்கட்டினேன். கடைசியில, உங்க பங்கு வந்தாத்தான் டப்பா கிளம்பும், வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேக்கறா. வேற என்னத்தைக் கேக்கறது அவகிட்ட. டாக்டரு முன்னாடியே சொல்லிட்டாரு, இந்த மாத்திரை நெஞ்சைச் சரி பண்ணாது, இறுகிப் போகாம பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான், விட்டா விட்டதுதான்னு. வீட்டு வாசப்படி நாலுதான். ரெண்டாவது படியில நின்னு மூச்சு வாங்கறாரு. பாட்டில்ல பதினோரு மாத்திரை இருக்கு. ஏன் கூப்பிடலை?

— கூப்பிட்டேன் தங்கம். உன் லைன் கிடைக்கலை.

— அப்படியா. இந்தா என் போன். புதன்கிழமை காலையில வந்தது ரெண்டே கால். ஒண்ணு என் அக்கா, இன்னொண்ணு கார் இன்சூரன்ஸ் விக்கறவன். உன் பேரு எங்கே, காட்டு.

— எனக்கு இந்தப் போனெல்லாம் பார்க்கத் தெரியாதுடி.

— நிதி திறந்துச்சான்னு மட்டும் பார்க்கத் தெரியும்.

— கோழி தீயற வாசனை வருதே, ஒரு நிமிஷம்.

— கோழி ஃப்ரிட்ஜுல இருக்கு. அடுப்பே இன்னும் பத்த வைக்கலை. உக்காரு.

— ஹார்லன் பாட்டிலைத் தர்றேன், பாதி எடுத்துக்கோ. மாசம் பதினஞ்சு பதினஞ்சா ரெண்டு பேரும்.

— ரெண்டு பேரும் பாதி நெஞ்சோட இருக்கட்டுமா? நான் மாத்திரை கேட்டு வரலை. இருபத்தஞ்சு வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்து ஜெபம் பண்றோம். என்கிட்ட என்ன குத்தம் கண்டேன்னு கேக்க வந்தேன்.

— நீ ஒரு குத்தமும் பண்ணலை. நான் நிஜமாவே கூப்பிட்டேன் வெர்னெல். செல்லுக்கு இல்லை, வீட்டு போனுக்கு. ஒன்பது அஞ்சு இருக்கும். பிரதர் லெமுவேல் எடுத்தாரு. நீ துணி துவைக்கப் போயிருக்கேன்னாரு.

— போயிருந்தேன். அப்புறம்?

— நிதி திறந்திருக்கு, பேப்பரை எடுத்துட்டு உக்காருங்க, ஒவ்வொண்ணா எழுதிடலாம்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாரு. வெர்னெலுக்கு இது தெரிய வேண்டாம், நீ கூப்பிட்டதாவே காட்டிக்காதேன்னாரு.

— வேண்டாம்னா?

— வேண்டாம்னுதான்.

— அந்தக் கிழவன். அந்த முட்டாள் கிழவன். இப்பத்தான் புரியுது எனக்கு. போன வாரம் என் முட்டிக்குத் தைலம் தேய்ச்சு விட்டுட்டே, 'எனக்காக நீ நின்னது போதும் வெர்னெல்'னாரு. ஏதோ காலைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொல்றாருன்னு விட்டுட்டேன். எனக்குப் பாரமா இருக்க வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காரு டெல்ஃபின். மருந்தை விட்டுட்டுச் சத்தமில்லாம போய்ச் சேரலாம்னு. நாப்பத்தெட்டு வருஷம் பக்கத்துல படுத்திருந்து இதை நான் கண்டுபிடிக்கலை பாரு.

— அழாதே.

— உன்னை வேற சந்தேகப்பட்டேன். கார்ல வர்ற வழியெல்லாம் உன்னைத் திட்டாத திட்டு இல்லை. மன்னிச்சிடு.

— என்கிட்ட மன்னிப்புக் கேக்காதே.

— கேக்கணும். கேட்டாத்தான் நாளைக்கு அந்தப் பெஞ்சுல உன் பக்கத்துல உக்கார முடியும். இங்கே வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வா. நிதி மறுபடி திறக்கறதுக்குள்ள பேப்பரையெல்லாம் எடுத்துத் தயாரா வச்சிடலாம். நீ எடுத்துச் சொன்னா அவரு கேப்பாரு.

— கையை விடு வெர்னெல். நீ இப்படிக் கையைப் பிடிச்சுக்கிட்டா நான் சொல்லாம இருக்க முடியாது. அவரு உனக்காக வேண்டாம்னு சொல்லலை.

— பின்னே யாருக்காக?

— அந்த ஃபாரம் ஒரு வருமானம் விடாம பேப்பர் கேக்குது. அப்புறம் எல்லாத்தையும் பட்டியல் போட்டு வீட்டுக்கு லெட்டர் அனுப்புது. உங்க வீட்டுல தபாலைப் பிரிக்கறது நீ.

— பிரிச்சா என்ன? ரெண்டு பேருக்கும் வயசான காலத்துக்கு அரசாங்கம் தர்ற சோஷியல் செக்யூரிட்டி பணம் வருது. அதுல ஒளிக்க என்ன இருக்கு?

— அவரு வேலை பார்த்த துறைமுகத்துப் பென்ஷன்.

— அது ஏது இப்போ? அவரு தம்பி கேஸுக்கு வக்கீல் பீஸுன்னு மொத்தமா வாங்கிக் கட்டிட்டாரே. பன்னிரண்டு வருஷம் ஆச்சு.

— கட்டலை. மாசம் ஆயிரத்து நானூறு வந்துட்டுத்தான் இருக்கு. பிரன்ஸ்விக்ல ஒரு பாங்குக்குப் போவுது.

— வரி பேப்பர்ல நானும்தான் வருஷா வருஷம் கையெழுத்துப் போடறேன்.

— அவரு மடிச்சுக் காட்டற பக்கத்துல போடறே.

— அப்போ போன வருஷம் டிராயரைக் கவுத்தது?

— பேப்பர் அவரு சட்டைப் பையிலயே இருந்துச்சு.

— ஆயிரத்து நானூறு. மாத்திரைக்கு ஆயிரம். அந்தப் பணத்துல தன் மாத்திரையைத் தானே வாங்கியிருக்கலாமே அவன்.

— வாங்கினா ஏது பணம்னு நீ கேப்பே.

— நான் தட்டு கழுவினேன் டெல்ஃபின்.

— தெரியும்.

— அந்தப் பென்ஷனையும் சேர்த்து எழுதியிருந்தா? வரம்பைத் தாண்டிடும்னு நிதியை மறுத்திருப்பாங்களா?

— மாட்டாங்க. கணக்குப் பார்த்தாச்சு. போன வருஷமும் கிடைச்சிருக்கும், இந்த வருஷமும் கிடைச்சிருக்கும்.

— தன் நெஞ்சு நின்னு போனாலும் சரி, எனக்குத் தெரியக் கூடாதாம். அவ்வளவு பெரிசா அந்த ஊருல என்னத்தை வச்சிருக்கான்? கணக்குப் பார்த்தவளுக்கு, சட்டைப் பையில என்ன இருக்குன்னு தெரிஞ்சவளுக்கு, இதுவும் தெரிஞ்சிருக்கும். பிரன்ஸ்விக்ல யாரு இருக்கா?

— பிரன்ஸ்விக்ல யாரும் இல்லை. தெரிஞ்சவங்க கண்ணுல படாத ஊரா இருக்கட்டும்னு அந்தப் பாங்கைப் பிடிச்சோம். கணக்குல லெம் பேருக்குக் கீழே இருக்கறது என் பேரு.