லிஃப்டில் ஏறாத மாஸ்டர்

மேடையில் இருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, டாக்டர் அம்மா அவர்களே, மாஸ்டரோடு வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனித் தம்பிகளே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, கூடப் பிறக்காத என் தங்கச்சியே, எல்லா மாடிகளிலிருந்தும் இறங்கி வந்திருக்கும் சொந்தங்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் நம் படிக்கட்டு மாஸ்டரைப் பற்றிப் பேசு என்றால் எப்படி மாட்டேன் என்பேன்?

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊரையே ஏற்றி இறக்கியவர், தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் போவார். செய்த பண்டத்தைத் தானே தின்னாத சமையல்காரன் என்று தலைவர் அவரைக் கிண்டல் செய்யாத நாள் உண்டா? அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "லிஃப்ட் ரிப்பேரானா நான் பாத்துக்குவேன். முழங்கால் ரிப்பேரானா யாருங்க பாக்கிறது?"

சர்க்கரையும் முட்டிவலியுமாக நான் வீட்டோடு கிடந்தேன். பேசிப் பேசியே என்னைப் படிக்கட்டுக்கு இழுத்தார். முதல் மாடித் திருப்பத்தில் தன் வீட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதுவரை ஏறி உட்கார்ந்தேன். இன்னும் ஏறட்டுமா என்று ரோஷமாகக் கேட்டேன். "வேணாம் பெரியம்மா. மீதிக்கு லிஃப்ட்ல போங்க. ஒரு நாள் வீராப்பா ஏறிட்டு வாரம் பூரா படுக்கிறதுக்கா? கொஞ்சமா செய்யுங்க, தினமும் செய்யுங்க" என்றார்.

தினமும் செய்தேன். சர்க்கரை குறைந்தது. என் பேத்தி பட்டம் வாங்கியபோது அரங்கத்தின் உச்சி வரிசைவரை நானே ஏறிப்போய் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம், சும்மாவா? அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்தவர் மாஸ்டர்.

நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே கார் நிறுத்துமிடத்தில்தான் அவர் நமக்குக் காலைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூச்சு இரைத்தால் உட்காருங்கள், நெஞ்சு இறுகினால் உடனே சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார். தினமும் சொல்வார். சொன்ன அந்த மனிதர் தனக்கு வந்தபோது ஏன் சொல்லவில்லை?

கடைசி நாள் காலை. பயிற்சி முடிந்து நாம் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் சட்டை நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்ததைத் தங்கச்சி மட்டும் கவனித்துவிட்டாள். லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் இதுல வாங்க."

"எல்லாரும் பாக்கிறாங்க. நானே ஏறிட்டா நாளைக்கு ஒருத்தரும் படி ஏற மாட்டாங்க. விடு."

படியில் ஏறினார். பாதி வழியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஐயா, எங்களுக்கெல்லாம் லிஃப்டைக் காட்டிய நீங்கள், உங்களுக்கு மட்டும் ஏன் அதன் கதவை மூடிக்கொண்டீர்கள்?

அன்றிலிருந்து இந்த இடம் காலையில் காலியாகக் கிடக்கிறது. இத்தனை பயிற்சி செய்தவரே போய்விட்டார், நமக்கு எதற்கு என்ற பேச்சு லிஃப்டுக்குள் ஓடுகிறது. அது தங்கச்சி காதிலும் விழுந்தது. கையைப் பிடித்து இழுத்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று அவள் என்னிடம் அழுதாள். நான் டாக்டர் அம்மாவிடம் போய் நேராகவே கேட்டேன். அவருக்கு வருஷக்கணக்காகவே இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததாம். மருந்தும் இந்தப் பயிற்சியும்தான் அவரை இத்தனை காலம் நடமாட வைத்தனவாம். அன்று வலியை மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நம்மோடு இருந்திருக்கலாம் என்றார்.

கேட்டீர்களா? பயிற்சி அவரைக் கொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டாரே, அதுதான் கொன்றது.

அதனால் அவர் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். நாளைக் காலை இங்கே பயிற்சி நடக்கும். முன்னால் நான் நிற்பேன். தப்பும் தவறுமாகத்தான் செய்வேன், கூட வந்து நில்லுங்கள். முடிந்த நாளில் ஏறுவோம். முடியாத நாளில் வாய்விட்டுச் சொல்லுவோம். அப்படிச் சொல்கிறவரைப் பார்த்து இந்தக் கட்டடத்தில் இனி யாரும் சிரிக்கக் கூடாது.

தங்கச்சி, தலையைத் தூக்கு. நீ கதவைத் திறந்து பிடித்தாய், அவர்தான் வரவில்லை. அந்தப் பாரம் உன்னுடையது இல்லை. நாளைக்கு விடிந்ததும் உன்னைக் கூட்டிப்போக வருவேன். நான் தட்டுவதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக இரு.