ஏலத்தில் போன அண்டா

வலங்கைமான் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“ஆன்லைன் ஏலத்துல வித்த அண்டாவ எப்படிக்கா அனுப்புறது? அதுல கோழி அடைக்கு உக்காந்திருக்கே!” என்றாள் சின்னவள்.

“வாங்குனவரு சும்மாவா இருக்காரு?” என்றாள் பெரியவள்.

“ஏமாத்துக்காரின்னு எழுதிடுவேன், அப்புறம் உன்கிட்ட யாரும் எதுவும் வாங்க மாட்டாங்கன்னு சத்தம் போட்டாருக்கா. பயந்துபோயி நேத்து கோழிய படம் புடிச்சு அனுப்புனேன்.”

அந்த நேரம் பார்த்து அண்டாவை வாங்கியவரே போனில் வந்தார். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

“குஞ்சு பொரிச்சிடுச்சாம்மா? அண்டா மெதுவா வரட்டும். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கோழிய பாக்க வர்றோம்.”

“வாங்க, வாங்க! மத்தியானச் சாப்பாடு இங்கதான்!” அவள் முகமெல்லாம் சிரிப்பு.

பெரியவள் அவள் தோளில் தட்டினாள். “அடியே, விருந்தாளின்னு கோழிக்குழம்பு வச்சிடாத!”