தையல்காரர் பாடம் யாருடையது?

அவையை அதட்டாமல் ஆளும் தலைமையாசிரியை அவர்களே! முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! ஆயிரம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையரே! என் கையெழுத்தையும் தாங்கி, என் கோபத்தையும் தாங்கி, எப்படியோ தேறிவிட்ட என் பழைய மாணவச் செல்வங்களே! இந்த ஓய்வுபெற்ற இலக்கிய வாத்தியாரின் அன்பு வணக்கம்.

என்ன, பின்வரிசையில் சத்தம்? நீங்கள் வைத்த பட்டப்பெயரில் "தையல்கார சார்" என்று சொல்ல வேண்டுமா? சரியப்பா, அந்தப் பாடத்துக்காகத்தானே இன்று எனக்குக் கேடயம்! அதற்கே வருகிறேன்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் நம் வகுப்பு. மறக்க முடியுமா அந்த அறையை? கொக்கி இல்லாத ஜன்னல். அதற்கு முட்டுக்கொடுத்த செங்கல். மழை பெய்தால் மூன்றாம் பெஞ்சு நனையும். நனைந்ததற்கு மூன்றாம் பெஞ்சு மகிழும்! அங்கேதான் அந்த நாவலை வாசித்தோம். தளபதி ஒருவன் நாட்டைப் பிடிக்கிறான், நாளிதழைப் பிடிக்கிறான், கடைசியில் மக்களின் நாக்கைப் பிடிக்கிறான். கவிஞன் ஒருவன் அவனை எதிர்த்துப் பாடுகிறான்.

கரும்பலகையின் நடுவே கோடு கிழிப்பேன். இடப்பக்கம் தளபதி, வலப்பக்கம் கவிஞன். "நகைக்கடையில் வைரத்தை ஏன் கறுப்புத் துணியில் வைத்துக் காட்டுகிறார்கள்? ஒன்றின் அருகே இன்னொன்றை வைத்தால்தான் இரண்டும் துலங்கும். அதுதான் எதிரிணைப் பாத்திரம்" என்பேன். நான் கையை உயர்த்தினால் நாற்பது பேரும் முழங்குவார்கள்: "சர்வாதிகாரத்துக்கு அடிபணிய மாட்டோம்!" கையை இறக்கினால் கப்சிப்!

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா, பெருமை வந்தது! அந்த நாற்பது குரலை இன்னொரு முறை கேட்க மாட்டேனா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன், அந்த நாற்பதில் ஒரு குரல் பிசகியது. பஸ் கண்டக்டர் ஒருவரின் மகள் எழுந்தாள்.

"சார், கவிஞர் தளபதிக்கு எதிரிதான். ஆனா ரெண்டு பேருமே பேசிக்கிட்டே இருக்காங்க. யாரையும் எதுவும் கேக்கறதே இல்ல. அந்தத் தையல்காரர்தான் சார் எதிரிணை."

"மூணே மூணு பக்கம் வர்றானே, அவனா?"

"மூணு பக்கத்துலயும் அளவு எடுக்கும்போது 'இறுக்குதாங்களா'ன்னு கேக்கறாரே சார். அந்த நாட்டுல வேற யாருமே அடுத்தவங்களைப் பாத்து அப்படிக் கேக்கல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். "உக்காரு. நோட்ஸ்ல இருக்கறத மட்டும் எழுது" என்றேன். எந்தப் பாடம் நடத்திக்கொண்டு? சர்வாதிகாரம் கூடாது என்ற பாடம்! படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்!

அவள் தேர்விலும் தையல்காரரையே எழுதினாள். பத்துக்குப் பூஜ்யம் போட்டேன். பேச்சுப் போட்டி அணியிலிருந்தும் பெயரை அடித்தேன். ஒரு மாதம் கழித்து அவள் அப்பா, டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "பொண்ணு வீட்டுலயும் வாயத் திறக்க மாட்டேங்குது சார்." நான் சொன்னேன்: "அடக்கம் நல்லதுதானேங்க."

இந்த நாக்கு சொன்னது ஐயா, இதே நாக்கு!

மறு ஆண்டு அந்த நாவலைப் புது வகுப்புக்கு வாய்விட்டு வாசித்தேன். மூன்றாவது முறை தையல்காரர் வந்ததும் வாசிப்பை நிறுத்தி, அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி புரட்டினேன். அவள் சொன்னதுதான் நாவலின் உயிர். கேட்பது எங்கே நிற்கிறதோ, அங்கே கொடுமை தொடங்குகிறது. அதற்குள் அவள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள். தேடிப்போய்ச் சொன்னேனா? இல்லை! நோட்ஸைத் திருத்தினேன். தையல்காரரை என் கண்டுபிடிப்பாகவே சேர்த்துக்கொண்டேன். அடுத்தடுத்து வந்த நீங்கள் கைதட்டினீர்கள், பட்டப்பெயர் வைத்தீர்கள், இன்று கேடயமும் கொடுத்துவிட்டீர்கள். அத்தனையையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வேண்டாம், கைதட்டாதீர்கள்! திருடியவன் ஒப்புக்கொள்வதற்கு எதற்குக் கைதட்டல்?

நான்காம் வரிசையில், தூணருகே அவர் அமர்ந்திருக்கிறார். அம்மா, மன்னித்துவிடுங்கள். இந்தப் பாடம் உங்களுடையது. மேடைக்கு வருகிறீர்களா?

தலையாட்டுகிறார், வரமாட்டாராம். வேண்டாம் அம்மா, வற்புறுத்தமாட்டேன். ஒலிபெருக்கித் தம்பி, இந்தக் கம்பி தூண்வரை எட்டுமா? எட்டுமா? நல்லது. தலைமையாசிரியை அவர்களே, எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பத்து நிமிடம் மிச்சமிருக்கிறது. மைக் கிடைத்தால் விடாத ஆள் நான் என்று ஊருக்கே தெரியும். இன்று விடுகிறேன்.

எழுந்துவிட்டார்! அவையோரே, பொறுமையாகக் கேட்டீர்கள், நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அம்மா, நீங்கள் பேசுங்கள். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.