லினக்ஸ்ல ஓடாதுன்னு சொன்னியே

ஹலோ... ஹலோ, காவேரியா? போன வெக்காத. வெக்காத, நான்தான், சுப்ரியா... ஆமா, வேற நம்பர்தான். எங்க லைன்ல வேலை பாக்குற பொண்ணோட போன், பக்கத்துலதான் நிக்கிறா. என் நம்பர்ல இருந்து பண்ணா நீ எடுக்க மாட்டேங்கிறியே, நான் என்ன பண்றது...

பிஸியா? திங்கக்கெழமையில இருந்தே பிஸியா?... ம்... ம்... சத்தமா பேசு. நான் கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்கிறேன், லாரியா போவுது, ஒண்ணும் கேக்கல... மாமியார் தூங்குறாங்கன்னா மாடிக்குப் போயி பேசு. மத்தூர்ல மாடி இல்லாத வீடா உன்னுது?... ஏறிட்டியா? சரி.

இல்ல, ஷிப்ட் முடிஞ்சுது. பஸ்ஸு வரல. சானமாவு பக்கம் யானை எறங்கிருக்காம், ரோட்ட நிறுத்தி வெச்சிருக்காங்க. அதனால எனக்கு நேரம் நெறைய இருக்குது. நிதானமா பேசலாம்.

மெசேஜ் பாத்தேன். அதப் பாத்துட்டுதான் பண்றேன். "வீட்டுக்காரர் லேப்டாப்ல லினக்ஸ் போட்டுட்டாரு, இனி கேம் ஓடாது, சாரி." அதுக்குக் கீழ ஒரு கைகூப்புற பொம்மை. ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்து, ஒரே லைன்ல நின்னு, ஒரே டீம்ல விளையாடுனதுக்கு ஒரு கைகூப்புற பொம்மை. நல்லா இருக்குதுடி...

இல்ல, நீ இரு. நான் முடிச்சிடுறேன். ஞாயித்துக்கெழம மேட்ச். அதுல ஜெயிச்சா பெங்களூர்ல ஃபைனல். டஸ்ட்லைன் கேம் விளையாடுற பொண்ணுங்க டீம்ல ஓசூர்ல இருந்து போறது நாம மட்டும்தான். டீமுக்கு மூணு பேரு. நான், வினிதா, நீ. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள பேரு குடுக்கணும். மூணாவதா யாரு பேரு எழுதட்டும்? சொல்லு. இங்க செக்யூரிட்டி அண்ணா சும்மாதான் உக்காந்திருக்காரு, அவரு பேர எழுதட்டுமா?...

ஆமா... ஆமா... தெரியும், விண்டோஸ் பத்துக்கு இனி அப்டேட் வராது. ஊருக்கே வராது. வரலன்னா என்ன, லேப்டாப் வெடிச்சிடுமா? என்னோடதுலயும் அதான் ஓடுது, வெடிக்கல... பதினொண்ணு ஏறாதா உன்னுதுல? சரி, பழைய மெஷின்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக லினக்ஸா?

அது நீ ஓவர்டைம் பாத்து வாங்குன லேப்டாப். கடைக்கு நான்தான் கூட வந்தேன். அத எப்புடி அந்தாளு தொடலாம்? உன்ன ஒரு வார்த்த கேட்டாரா?... கேட்டாரு. கேட்டதுக்கு நீ சரின்னியா?... ஏன் சரின்ன?

அண்ணா, ஒந்து டீ கொடி, சக்கரெ கடிமெ... உன்கிட்ட இல்லடி, டீக்கடையில, சக்கர கம்மியா ஒரு டீ சொன்னேன்.

சரி, இப்ப சொல்லு. ஓடாதுன்னா எப்புடி ஓடாது? தொறக்கவே மாட்டேங்குதா, தொறந்துட்டு நின்னுடுதா?... என்னது, ஆன்ட்டி-சீட்டா?... ம், ஏமாத்தி விளையாடுறவங்கள புடிக்கிற சாஃப்ட்வேர், தெரியும்... லினக்ஸ்ல இருந்து யாரு வந்தாலும் வெளிய தள்ளிடுதா? நீ யாருன்னு பாக்காம, திருடின்னு முடிவு பண்ணிடுது. அப்புடித்தான?... ம்... ம்...

பாத்தியா, இதான் லினக்ஸ். நேத்து ராத்திரி பூரா நானும் இதத்தான் படிச்சிட்டு இருந்தேன். வருசா வருசம் எவனாவது வந்து, இந்த வருசம் பாருங்க, லினக்ஸ்ல எல்லா கேமும் ஓடும்ங்கிறான். ஓடும். தனியா உக்காந்து கத்திரிக்கா செடி நட்டு தண்ணி ஊத்துற கேம் நல்லா ஓடும். சேந்து சுடுற கேம்னு வந்தா கதவ சாத்திடுவாங்க. அது தெரிஞ்சும் உன் வீட்டுக்காரர் போட்டிருக்காரு பாரு... யாருக்காக? ஓசியில குடுக்கிறாங்கன்னா எத வேணா போட்டுடுறதா?

போன அவர்கிட்ட குடு... குடு, நான் கேக்குறேன்... ஏன் வேணாம்? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்... பொய் சொல்லாத, கடைக்குப் போகல. குரல் கேக்குது எனக்கு. யாரு போன்லன்னு கேக்குறாரு பாரு. சுப்ரியான்னு சொல்லு... குடுடி.

ஹலோ, மோகன்குமார் அண்ணாவா... ஆங், வணக்கம். கல்யாணத்துல பாத்தது, ஆமா... நல்லா இல்லண்ணா. எப்புடி நல்லா இருப்பேன், நீங்கதான் எங்க டீமுல மண்ணப் போட்டுட்டீங்களே... லினக்ஸத்தான் சொல்றேன். நீங்க குந்தாரப்பள்ளி பக்கம் கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்குறீங்க, உங்களுக்கு அது சரி. கருப்பு ஸ்கிரீன்ல எதையாவது டைப் பண்ணிட்டு இருப்பீங்க. அவளுக்கு என்னாத்துக்கு?... வைரஸ் வராது, சரி. கேமும் வரலியே... என்ன சிரிக்கிறீங்க?

யாரு சொன்னாவா? ஊரே சொல்லுது... சரி, சொல்லுங்க, கேக்குறேன்... ம்... எல்லா கேமும் ஓடாதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்கல்ல... பெரிய பெரிய கேமு சிலது இன்னும் உள்ள விடல. அதான் நானும் சொல்றேன்... ம்... அது லினக்ஸ் தப்பு இல்ல, கேம் பண்றவங்க மனசு வெக்கல. சரி, யாரு தப்பா இருந்தா என்ன... புரோட்டானா? அது என்ன... விண்டோஸுக்கு எழுதுன கேம லினக்ஸுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்குது. சரி... கையில புடிச்சு விளையாடுற மெஷின், ஆமா, யூடியூப்ல பாத்திருக்கேன்... அதுக்குள்ள இருக்குறதே லினக்ஸா?... ம்... அது வந்தப்புறம்தான் கேம் பண்றவங்க பல பேரு எறங்கி வந்தாங்க... சரிண்ணா... சரிண்ணா, பாடம் போதும். எனக்கு ஒரே ஒரு கேம்தான் வேணும், அது ஓடல...

ஓடுதா?

இருங்க இருங்க. டஸ்ட்லைன்காரங்க லினக்ஸ உள்ள விட்டுட்டாங்களா? எப்போ?... போன வருசமேவா... ம்... அவங்க பக்கம் ஒரு அனுமதி குடுத்தா போதுமா... இல்ல, நம்புறேன். இல்லண்ணா, உங்க லினக்ஸ நான் ஒண்ணும் கொறச்சு சொல்லல... இப்ப கடைசியா என்னமோ சொன்னீங்களே. விண்டோஸ்ல இருந்தத விட ஸ்மூத்தா ஓடுதுன்னு. யாரு பாத்தா?... நீங்களே பாத்தீங்க. யாரு விளையாடுறப்ப?

தெனம் சாயந்தரமா.

இல்ல, எனக்கு சரியா கேக்கல, லாரி போச்சு. திருப்பி சொல்லுங்க... காவேரி தெனம் சாயந்தரம் டஸ்ட்லைன் விளையாடுறா. அந்த லேப்டாப்ல. லினக்ஸ்ல... ம்... ஒரு தடவ கூட நிக்கல... ரொம்ப சந்தோசம்ணா. யாரு கூட விளையாடுறா?

எந்த அனிட்டா?

ஆமா, தெரியும். தேன்கனிக்கோட்டை அனிட்டா. வினிதாவுக்கு முன்னாடி எங்க டீம்ல இருந்தவதான். நான்தான் அவள டீம விட்டு எடுத்தேன்... இல்லண்ணா, கோவம்லாம் இல்ல, என் குரலே அப்புடி. போன அவகிட்ட குடுங்க... கீழ எறங்கிட்டாளா? கூப்புடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

உன் போன் ஒண்ணும் தேஞ்சு போவாது, ரெண்டு நிமிசம் இரு, தரேன். பஸ்ஸு வந்தா சொல்லு.

வந்துட்டியா.

பாவம், அவர திட்டாத. லினக்ஸ்ல ஓடலன்னு ஒரு வார்த்த சொன்னேன், பொறுக்கல மனுசனுக்கு. உன் பொய்ய விட அவருக்கு லினக்ஸ் பெருசா போச்சு... ஆன்ட்டி-சீட்டாம். திருடின்னு நெனச்சு வெளிய தள்ளுதாம். எப்புடிடி வாய் கூசாம சொன்ன? நான் நேத்து வேலைய விட்டு வந்து சாப்புடாம கொள்ளாம உக்காந்து, உனக்காக, பழைய விண்டோஸ எப்புடி திருப்பிப் போடுறதுன்னு தேடிட்டு இருந்தேன். தமிழ்ல ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான், அதக் கூட சேவ் பண்ணி வெச்சிருக்கேன்...

விளையாடப் புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல... எப்ப சொன்ன?... அது மெதுவா பேசுன்னு சொன்ன. வரலன்னு எங்க சொன்ன?... ரெண்டும் ஒண்ணா? மேட்ச் நடக்குறப்ப எப்புடி மெதுவா பேசுறது? உனக்குப் பின்னாடி ரெண்டு பேரு வந்து நிக்கிறான், நீ வேடிக்க பாத்துட்டு நிக்கிற, நான் கத்தலன்னா செத்திருப்ப... தெரியும்டி, கேம்லதான். கேம்ல சாவுறதும் தோக்குறதுதான...

என்ன வார்த்த சொன்னேன்?... அது ஒரு வேகத்துல வர்றது. எல்லாருக்கும் வரும்... எல்லாரும் பேசுறதில்லையா, சரி, நான் பேசுறேன். எங்க லைன்ல அந்த சூப்பர்வைசர் காலையில இருந்து என் தலை மேல ஏறி நின்னு கத்துறான். இன்னிக்குக் கூட அத்தன பேரு முன்னாடி, கண்ணு பொடனியிலயா இருக்குதுன்னு கேட்டான். நான் அழுதேனா? லினக்ஸ் போட்டேனா?...

யாரு? உன் மாமியாரா? அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்... ஹெட்போன் போடலியா நீ... ம்... ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. கூடத்துல உக்காந்திருந்தாங்க. சரி, கேட்டாங்க, அதுக்கு என்ன?... என்ன கேட்டாங்க உன்ன?

உன் சூப்பர்வைசரான்னா?

ம்... சிரிப்பா இருக்குது. என்னைய சூப்பர்வைசர்னு நெனச்சிட்டாங்களா... நீ என்ன சொன்ன?

ஆமான்னுட்டியா.

ஏன், ஃப்ரெண்டுன்னு சொன்னா என்ன?... சொல்லு... ஃப்ரெண்டு இப்புடியா பேசுவான்னு கேப்பாங்க. சரி... கேட்டா கேட்டுட்டுப் போறாங்க. நான் உனக்கு நலங்கு வெச்சவடி. மண்டபத்துல ராத்திரி பூரா உன் கூட உக்காந்திருந்தவ... அழுவாத. அழுவாதங்கிறேன். இப்ப அழுவ வேண்டியது நீயா நானா?

அனிட்டா அழுதாளா? எப்போ?... அன்னிக்கு அவ பாதியிலேயே போயிட்டா. நெட்டு போச்சுன்னா... போகலியா? அப்ப அதுவும் பொய்யா... நான் எல்லார்கிட்டயும் அவ நெட்டு சரியில்ல, அதான் எடுத்துட்டேன்னு சொல்லிட்டு இருக்கேன். ம்... கட்டில்ல படுத்து... சரி, போதும், சொல்லாத.

இரு. வினிதா வாராவாரம் கரண்ட்டு இல்லங்கிறாளே... கெலமங்கலத்துல கரண்ட்டு போகும், அது நெசந்தான... காவேரி, நான் கேக்குறேன்ல... அவளுமா?

மூணு பேருமா.

நீ, அனிட்டா, வினிதா. மூணு பேரு சேந்துட்டீங்க. ஒருத்திக்கு நெட்டு இல்ல, ஒருத்திக்கு கரண்ட்டு இல்ல, ஒருத்திக்கு லினக்ஸ். நான் ஒரு கிறுக்கச்சி, எல்லாத்தையும் நம்பிட்டு, தெனம் கேம்ல போயி ரூம் ஓப்பன் பண்ணி வெச்சிட்டு, யாரு வருவான்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன்... சாரியா. வெச்சுக்கோ உன் சாரிய.

சரி, அத விடு. ஞாயித்துக்கெழமைக்கு நீங்க மூணு பேரும் தனியா பேரு குடுத்திருக்கீங்களா? நெசமா சொல்லு... குடுக்கலியா? ஏன்?... மேட்ச்சே வேணாமா? பெங்களூர் வேணாமா?... பின்ன எதுக்கு தெனம் விளையாடுறீங்க?... சும்மாவா. சும்மான்னா?... ஜெயிக்கிறீங்களா இல்லையா?... தோத்துட்டு?

சிரிக்கிறீங்களா... தோத்ததுக்கா?... அனிட்டா லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாளா? எந்த லிஃப்ட்டு, அந்த தண்ணித் தொட்டி மேப்லயா?... அத தொறக்கத் தெரியலியா அவளுக்கு... ம்... மூணு பேரும் உள்ள போயி மாட்டிக்கிட்டீங்க... ம்...

இல்ல, லைன்லதான் இருக்கேன்.

இல்ல, கோவம் இல்ல... இருக்குது. கோவம் இருக்குது. ஞாயித்துக்கெழம மேட்ச் போச்சு, பேரு குடுக்க மாட்டேன், இனி உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுதான் சொல்ல வந்தேன்... பஸ்ஸு வருது, இரு, நான் அடுத்ததுல வரேன், நீ ஏறு. போன் நாளைக்கு தரேன். என்ன? அப்ப நீயும் இரு. கொஞ்சம் இரேன், பெரிய இவ மாதிரி...

உன்கிட்ட இல்ல, காவேரி. இங்க.

இங்க பாரு. யாராவது ஒருத்தி வராத அன்னிக்கு சொல்லு... நான் வரேன்... மைக்க ஆஃப் பண்ணிட்டு வரேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்... நெசமாத்தான். மெசேஜ் கூட போட மாட்டேன். நீங்க பேசுறத கேட்டுட்டு மட்டும் இருக்கேன்... ம்... வினிதாவ கேக்கணுமா? கேளு... அனிட்டாவயும் கேளு. நானே கேக்கட்டுமா? வேணாமா, சரி, நீயே கேளு... ம்... யோசி. நல்லா யோசிச்சு சொல்லு, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

ஆனா ஒண்ணு காவேரி. கேம்ல அந்த மாடிப்படி கிட்ட போயி நிக்கிற பாரு, பின்னாடி பாக்காம மரம் மாதிரி, அத மட்டும் நீ விடணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன் உனக்கு, மண்டையில ஏதாவது இருக்கிறவ அங்க போயி நிப்பாளா, எவனா இருந்தாலும் மேல இருந்து...

ஹலோ.

காவேரி... ஹலோ... கேக்குதா?