தழும்பில்லாத தாடை

வெயிலில் செல்வோர் குடை பிடிக்க வேண்டும் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் எவரும் கேட்பதில்லை. முகத்தில் கரும்புள்ளி வந்த பிறகே என் அறைக்கு வருகிறார்கள். வந்ததும், அது நாளைக்கே மறைய வேண்டும் என்கிறார்கள்.

மறையச் செய்யும் வழிகள் நான்கு. களிம்பு பூசலாம், பொறுமை உள்ளவர்களுக்கு அது ஏற்றது, ஆனால் அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. குளிர்ந்த திரவத்தால் உறைய வைத்து உதிரச் செய்யலாம். லேசர் ஒளியால் நிறத்தைக் கரைக்கலாம். கத்தியால் வெட்டி எடுக்கலாம். வெட்டினால் மட்டுமே புள்ளி ஒரு சிறு குப்பியில் மிஞ்சிப் பரிசோதனைக்குச் செல்லும். மற்ற மூன்றிலும் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. லேசர் கருவியை இயக்குபவன் நான். நாற்பத்தொன்றாம் வயதில் இத்தொழிலைக் கற்றுத் தேர்வில் முதலிடம் பெற்றவன். பதினோர் ஆண்டுகளில் எவர் முகத்திலும் ஒரு தழும்பையும் விட்டதில்லை.

தையல் கடை நடத்திய அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டேதான் வந்தார். "ஈ உக்காந்திருக்குன்னு நெனச்சு என் வீட்டுக்காரர் தட்டிவிடப் பாத்தாருண்ணா. ரெண்டு அறை வாங்கினதுதான் மிச்சம்." இடது தாடையில் மிளகளவுப் புள்ளி. ஒரு பாதி பழுப்பு, மறு பாதி கறுப்பு. விளிம்பு, கடித்த ரொட்டியைப் போல் இருந்தது. வாரம் இருமுறை வரும் மருத்துவர் அம்மையார் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புமாறு அவரது சிகிச்சை அட்டையில் சிவப்பு மையால் எழுதினார்.

நாள் குறிக்க என்னிடம் வந்த பெண்மணி, தழும்பு விழுமா என்று கேட்டார். விழும் என்றேன். கண் கலங்கினார். இருநிறப் புள்ளி புற்றாக இருக்கலாம், அதை லேசரால் தொடலாகாது என்பது எங்கள் பாடத்தின் முதல் பக்கம். ஆயினும் ஒரு முகத்தில் தையல் போடும் முரட்டு வேலையை என்னால் ஏற்க இயலவில்லை. மருத்துவர் வராத நாளில் அவரை வரச் சொன்னேன். அட்டையைக் கிழித்து, 'வெயில் புள்ளி' என்று புதிய அட்டை எழுதினேன்.

புள்ளி போயிற்று. நான்காம் மாதம் அதே இடத்தில் திரும்பி வந்தது. மீண்டும் கரைத்தேன், மீண்டும் வந்தது. எனக்கு உண்டான எரிச்சலை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். குடை பிடிக்கவில்லை என்று அவரைக் கடிந்துகொண்டேன். பொழுதெல்லாம் கடைக்குள்ளேயே கிடப்பவள் மேல் வெயில் எங்கே படுகிறது என்று கேட்டார்.

மருத்துவரும் ஒருநாள் விசாரித்தார்: "அந்தத் தையல்காரம்மா ரிசல்ட் என்னாச்சு?"

"சாதாரணப் புள்ளிதான்னு வந்துச்சு, டாக்டர்."

அவர் நிம்மதியாகத் தலையசைத்து, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

மூன்றாம் முறை கருவியின் வலிமையைக் கூட்டினேன். அதன் பின் அது திரும்பவே இல்லை. உங்கள் விசாரணைக் குறிப்பில் இதைச் சேர்த்ததாகத் தெரியவில்லை.

நன்றி சொல்ல வந்தவர், என் கையைப் பிடித்துத் தம் காதுக்குக் கீழே வைத்தார். "இது என்னண்ணா, கோலிக்குண்டு மாதிரி?"

அது என்னவென்று என் விரல்கள் உடனே அறிந்தன. அன்றே மருத்துவரிடம் அனுப்பினால் பிழைக்க வழியுண்டு என்பதும் தெரியும். அனுப்பினால் பழைய அட்டையைக் கேட்பார்கள்.

"சளிக்கட்டிம்மா. தானா கரைஞ்சிடும்."

அவர் நம்பினார். ஏழு மாதம் நம்பினார், பிறகு இறந்தார்.

அனைத்தையும் அறிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கழுத்திலிருந்த கட்டிக்கு நிறமே இல்லை, ஐயா. அது என் வேலையில் சேராது.